வாரத்துக்கு 6, 12, 16, 22 மணி நேரம்: ஜிம்னாஸ்டிக்ஸ் டீமில் இருக்கும் பிள்ளைக்கு எது சரி?

அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி சீசன் வசந்த காலத்தோடு முடியும். அதன் பிறகு மே, ஜூன் வாக்கில் கிளப்புகள் அடுத்த ஆண்டுக்கான டீம் பட்டியலை அனுப்பும். பிள்ளை எந்த லெவல் (1 முதல் 10 வரையிலான படிகளில் எது), மாதக் கட்டணம் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி என்று மூன்று விவரங்கள் அதில் இருக்கும். கையெழுத்துப் போடக் கொஞ்ச நாள்தான் அவகாசம். பெற்றோர் திணறுவது பெரும்பாலும் மூன்றாவது விவரத்தில்.

"பொண்ணுக்கு ஒன்பது வயசுங்க. இப்ப மூணு நாள், ஒன்பது மணி நேரம் போறா. அடுத்த வருஷம் நாலு நாள், பதினாறு மணி நேரம்னு சொல்றாங்க. முடியாதுன்னா எக்செல் குரூப்ல போட்டுருவோம்கிறாங்க. ஒத்துக்கலாமா?"

எக்செல் என்பது லெவல் 1–10 பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கும், விதிகள் தளர்வான தனிப் போட்டிப் பாதை. கிளப்பின் பெற்றோர் குழுவில் இருப்பதால் இந்தக் கேள்வி ஒவ்வொரு ஆண்டும் எனக்கு வருகிறது. என் மகளும் சின்ன வயதிலிருந்தே டீமில் இருப்பவள். என் பதில் இதுதான்: அந்த லெவலுக்கு உரிய வித்தைகளைப் பத்திரமாகக் கற்றுக்கொள்ள எவ்வளவு குறைந்த நேரம் போதுமோ, அவ்வளவு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கோச் காரணம் சொல்ல வேண்டும்.

இங்கே பேசப்போவது பெண்களுக்கான ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி. பையன்களுக்கு உடல் வலுவும் வளர்ச்சி வேகமும் தாமதமாக வரும். அவர்களுக்குக் கீழே உள்ள கணக்குகளை இரண்டு வயது தள்ளிப் படியுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

வயதும் எலும்பும். லயோலா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் டாக்டர் நீரு ஜெயந்தியும் குழுவினரும் 7 முதல் 18 வயது வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்கள். தங்கள் வயதைவிட அதிக மணி நேரம் வாரந்தோறும் பயிற்சி செய்தவர்களுக்கும், சொந்தமாக ஓடியாடும் நேரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பயிற்சி செய்தவர்களுக்கும் கடுமையான அதிபயன்பாட்டுக் காயங்கள் (ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வேலை கொடுப்பதால் வருபவை) கூடுதலாக இருந்தன. ஒன்பது வயதுக்கு ஒன்பது மணி நேரம், பன்னிரண்டு வயதுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். இது பல விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு. டீம் ஜிம்னாஸ்டிக்ஸில் பெரும்பாலானோர் இந்த அளவைத் தாண்டித்தான் போகிறார்கள். தாண்டும்போது எவ்வளவு தாண்டுகிறோம் என்று தெரிந்து தாண்ட வேண்டும்.

அந்த நேரத்துக்குள் என்ன நடக்கிறது. நான்கு மணி நேரப் பயிற்சியைப் பிரித்துப் பாருங்கள். உடலைச் சூடாக்கவும் ஸ்ட்ரெச் செய்யவும் அரை மணி நேரத்துக்கு மேல். கண்டிஷனிங் என்ற உடல் வலுப் பயிற்சி இன்னொரு அரை மணி நேரம். மிச்சத்தை வால்ட் (ஓடிவந்து கையூன்றித் தாண்டும் மேசை), பார் (தொங்கி ஆடும் கம்பிகள்), பீம் (ஒடுங்கிய உத்தரம்), ஃப்ளோர் (தரை) என்ற நான்கு கருவிகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம்கூட வராது. பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து, பார் பக்கம் உங்கள் பெண் எத்தனை முறை ஏறுகிறாள் என்று எண்ணுங்கள். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே பார், ஒரே கோச் என்றால் அவள் பெரும்பகுதி நேரம் கையில் பூசும் வெள்ளைப் பொடி இருக்கும் சாக் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று முறைக்குக் காத்திருப்பாள். பக்கத்திலேயே இன்னொரு தாழ்ந்த பார், தரையில் கைநிலைப் பயிற்சி (கையூன்றித் தலைகீழாக நிற்பது), ரப்பர் பட்டைப் பயிற்சி என்று சுற்றில் வைத்து நடத்தும் கோச் மூன்று மணி நேரத்தில் அதே அளவு வேலையை முடித்துவிடுவார். 12 மணி நேரக் கிளப்பின் பிள்ளைகள் 16 மணி நேரக் கிளப்பைவிட மேலான மதிப்பெண் எடுப்பது இப்படித்தான் நடக்கிறது.

தூக்கம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பதின்ம வயதுக்கு 8 முதல் 10. பயிற்சி மாலை 4:30 முதல் 8:30 வரை என்றால் வீடு வந்து சேர ஒன்பது. குளித்து, சாப்பிட்டு, மிச்ச வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கப் பத்தே கால். பள்ளிப் பேருந்துக்கு ஆறே காலுக்கு எழுப்ப வேண்டும். எட்டு மணி நேரம்தான் வருகிறது. வாரத்தில் நான்கு நாள் இப்படிப் போனால் பத்து வயதுப் பிள்ளைக்குத் தூக்கக் கடன் ஏறிக்கொண்டே போகும். களைத்த உடம்போடு பீமில் ஏறுவதில்தான் ஆபத்து.

எதுவரை போக ஆசை. மாநிலப் போட்டியில் மகிழ்ச்சியாக ஆடுவது, லெவல் 10, கல்லூரி டீம், தேசிய டீம் என்று ஒவ்வொன்றுக்கும் பாதை வேறு. ஒன்பது வயதில் இதை முடிவு செய்ய வேண்டியதில்லை. முடிவு செய்யாமலே அந்தப் பாதைக்கு உரிய நேரத்தைச் செலவழிக்கவும் வேண்டியதில்லை.

பணமும் வீடும். மாதக் கட்டணம் வெளியே தெரிவது. மீட் எனப்படும் போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம், கோச்சின் பயணச் செலவில் பங்கு, போட்டி உடையான லியோடார்ட், கம்பியைப் பிடிக்கக் கையில் கட்டும் கிரிப், வெளியூர் ஹோட்டல், ஃப்ளோர் நடன அமைப்பு, தனி வகுப்பு எல்லாம் பிறகு வரும்.

## ஒரே பார்வையில்

கிளப்புக்குக் கிளப் இந்தக் கணக்கு மாறும். பொதுவாகக் காண்பது இது.

| வாரத்துக்கு | வழக்கமான குழு | யாருக்குப் பொருந்தும் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| 4–6 மணி, 2 நாள் | எக்செல் பிரான்ஸ், சில்வர் | 6–8 வயது. வேறு கலைகளும் கற்கும் பிள்ளை | வலு போதாமல் கடின வித்தைக்குத் தாவுவது |
| 9–12 மணி, 3 நாள் | லெவல் 3–5, எக்செல் கோல்டு, பிளாட்டினம் | 8–11 வயதில் பெரும்பாலானோர் | கோடையில் சொல்லாமல் கூடும் நேரம் |
| 15–18 மணி, 4 நாள் | லெவல் 6–8 | 10 வயதுக்கு மேல், தானே கேட்டுப் போகிறவள் | தூக்கம், மணிக்கட்டு, ஞாயிறு தமிழ்ப் பள்ளி |
| 20–25 மணி, 5 நாள் | லெவல் 9–10 | 13 வயதுக்கு மேல், கல்லூரி டீம் நோக்கம் | முதுகு, உணவு, மொத்தக் குடும்பத்தின் மாலை நேரம் |

## 4 முதல் 6 மணி நேரம்

தொடங்குகிறவர்களுக்கு இது தாராளமாகப் போதும். தலைகீழாக நிற்பது, கார்ட்வீல், ரவுண்ட்-ஆஃப், பிரிட்ஜ் எல்லாம் இந்த நேரத்தில் வரும். பாட்டு, நீச்சல், நடனம் என்று மற்றவற்றுக்கும் இடம் இருக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குறைந்த நேரம் என்பதாலேயே பத்திரம் என்று ஆகிவிடாது. லெவல் 4 பார் ரொட்டீனுக்கு (போட்டியில் ஆடும் வித்தைத் தொகுப்பு) கிப் வேண்டும், அதாவது கம்பியில் தொங்கி ஆடி அதன் மேலே எழுவது. ஃப்ளோரில் ரவுண்ட்-ஆஃபைத் தொடர்ந்து இரண்டு பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்பக்கமாகத் தாவிக் கையூன்றிப் புரள்வது) வேண்டும். தோளும் வயிறும் அதற்குத் தயாராக வாரத்துக்கு ஐந்து மணி நேரம் பல பிள்ளைகளுக்குப் பற்றாது. நேரத்தைக் குறைத்தால் லெவலையும் குறைக்க வேண்டும். "நேரம் ரெண்டு நாள்தான், ஆனா லெவல் 4 போகணும்" என்று கோச்சிடம் மன்றாடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை வலுவை வைத்து இழுக்க வேண்டியதை முழங்கையையும் முதுகையும் வளைத்து இழுக்கும்.

## 9 முதல் 12 மணி நேரம்

எட்டு முதல் பதினொரு வயது வரை உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் சொல்லும் அளவு இதுதான். மூன்று நாள் பயிற்சி என்றால் இடையில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறது; எலும்பும் தசைநாணும் பழுதுபார்த்துக்கொள்ள அந்த இடைவெளிதான் உதவுகிறது. கம்பல்சரி லெவல்களை (எல்லோருக்கும் ஒரே ஆட்டம் விதிக்கப்பட்ட கீழ் லெவல்கள்) ஒழுங்காக ஆட இந்த நேரம் போதும். நல்ல கோச் கிடைத்தால் லெவல் 6 வரைகூட ஓடும்.

எக்செல் என்றால் இரண்டாம் தரம் என்ற எண்ணம் நம் பெற்றோரிடம் ஆழமாக இருக்கிறது. இதை மாற்றிக்கொள்ள வேண்டும். பிரான்ஸ் முதல் சஃபையர் வரை ஆறு பிரிவுகள். மேல் பிரிவுகளில் ஆடப்படும் வித்தைகள் ஆப்ஷனல் லெவல்களுக்கு (அவரவர் சொந்த ஆட்டத்தை அமைக்கும் மேல் லெவல்கள்) நெருக்கமானவை. பிள்ளை தனக்கு வருகிற வித்தைகளைக் கொண்டு தன் ரொட்டீனைக் கட்டுகிறாள். எல்லோரும் ஒரே இசைக்கு ஒரே ஆட்டம் ஆடும் கம்பல்சரியைவிட இது பல பெண்களுக்குப் பிடிக்கிறது. அங்கிருந்து லெவல்களின் பக்கம் திரும்பி வரவும் விதிகளில் வழி உண்டு. கேள்விக்குரிய அந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு 16 மணி நேர லெவல் 5, 12 மணி நேர எக்செல் கோல்டு என்று இரண்டு மட்டுமே முன்னால் இருந்தால் நான் எக்செல்லைத்தான் சொல்வேன்.

மறைந்திருக்கும் சிக்கல் கோடை. பள்ளி விடுமுறையில் பல கிளப்புகள் பயிற்சியைக் காலைக்கு மாற்றி நேரத்தையும் கூட்டும். பட்டியலில் 12 என்று போட்டிருப்பது ஜூன் மாதத்தில் 18 ஆகிவிடும். உடம்பு மெல்ல மெல்லத்தான் பழகும். ஒரே வாரத்தில் பாதி மடங்கு கூட்டினால் குதிகாலும் மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கும். கோடை அட்டவணையையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

## 15 முதல் 18 மணி நேரம்

முடிவெடுக்கச் சிரமமான இடம் இதுதான், ஏனென்றால் இங்கே இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. லெவல் 7, 8 வரும்போது பாரில் ஜெயண்ட் (உடலை நீட்டிக் கம்பியைச் சுற்றி முழு வட்டமடிப்பது), பீமில் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் எல்லாம் வருகின்றன. பயம் கலந்த இந்த வித்தைகளை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தொட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பயப்பட வேண்டியிருக்கும். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது மனதுக்கும் நல்லது. நான்காவது நாள் உண்மையில் உதவும் இடம் இது.

மறுபக்கம், வாரத்துக்கு 16 மணி நேரத்தைத் தாண்டும்போது மருத்துவரிடம் போக வேண்டிய காயங்கள் கூடுகின்றன என்பது இளையோர் விளையாட்டு மருத்துவத்தில் பலமுறை சொல்லப்பட்ட எச்சரிக்கை. பெண் பிள்ளைகள் கிடுகிடுவென்று உயரும் காலமும் 11, 12 வயதை ஒட்டித்தான் வருகிறது.

மணிக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் அதிகம் தவறவிடுவது இதை. ஜிம்னாஸ்டிக்ஸில் கைதான் பல நேரம் கால். வால்ட், பேக் ஹேண்ட்ஸ்பிரிங், பீம் என்று எல்லாவற்றிலும் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை, பின்னால் வளைந்த மணிக்கட்டு வழியாக இறங்குகிறது. முன்கையின் ஆர எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாமல் குருத்தெலும்பாகவே இருக்கும். திரும்பத் திரும்ப அடிபட்டால் அது வீங்கி அகலமாகும். விளையாட்டு மருத்துவர்கள் இதற்கு ஜிம்னாஸ்ட் ரிஸ்ட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் அந்தத் தட்டு முன்னதாகவே மூடி, பக்கத்து எலும்பு மட்டும் நீளமாக வளர்ந்து, வாழ்நாள் முழுக்க மணிக்கட்டு வலி நிற்கக்கூடும். சாப்பாட்டு மேசையில் உள்ளங்கையை விரித்து ஊன்றி, முழங்கையை நேராக வைத்து, எடையை அதன் மேல் சாய்க்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலோ, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு மேல்புறத்தை அழுத்தும்போது கையை இழுத்துக்கொண்டாலோ, அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஓய்வு வாரக்கணக்கில் வேண்டியிருக்கும். அந்த நாட்களில் பயிற்சிக்கே போக வேண்டாம் என்பதில்லை. காலுக்கும் வயிற்றுக்கும் வேலை கொடுக்கத் தெரிந்த கோச் நல்ல கோச்.

இந்த அளவை எப்போது ஏற்கலாம்? பிள்ளைக்குப் பத்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். பயிற்சி இல்லாத நாளில் அவளாகவே வீட்டுக் கம்பளத்தில் கைநிலை போடுகிறவளாக இருக்க வேண்டும். வலி என்று சொன்னால் அந்தக் கோச் பயிற்சியை மாற்றுவார் என்று நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இன்னும் ஓர் ஆண்டு 12-லேயே இருக்கலாம்.

## 20 முதல் 25 மணி நேரம், அதற்கும் மேல்

லெவல் 10-க்கும் கல்லூரி டீமுக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த அளவுக்கு வருகிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில், வளர்ச்சி வேகம் அடங்கிய பிறகு, பிள்ளையே கேட்டுப் போனால் இதில் தவறில்லை. எட்டு, ஒன்பது வயதுக்கு இதைக் கேட்கும் கிளப்புகள்தான் என்னைக் கலங்க வைக்கின்றன.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. விதிப்படி, சீசன் நடக்கும்போது வளர்ந்த கல்லூரி வீராங்கனைக்கே வாரத்துக்கு 20 மணி நேரம்தான் உச்சவரம்பு. ஒரு நாள் கட்டாய ஓய்வு. பத்தொன்பது வயது உடம்புக்கு விதித்த வரம்பை ஒன்பது வயது உடம்பு தாண்டுவதற்கு நியாயம் கிடையாது.

"சின்ன வயசுலேயே பிடிச்சாத்தான் ஒலிம்பிக்ஸ்" என்பது பழைய கணக்கு. 1976-ல் மாண்ட்ரியலில் நாடியா கோமனேச்சி முழுப் பத்து மதிப்பெண் வாங்கியபோது அவருக்கு 14 வயது. 1997 முதல் சர்வதேச சீனியர் போட்டிக்கு அந்த ஆண்டுக்குள் 16 வயது நிறைய வேண்டும் என்று விதி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்ற அமெரிக்கப் பெண்கள் அணி ஐவரில் ஹெஸ்லி ரிவேரா ஒருவர்தான் பதின்ம வயது. சிமோன் பைல்ஸுக்கு 27. பைல்ஸ் 2012-ல்தான் பள்ளியை விட்டு வீட்டுக் கல்விக்கு மாறி, வாரத்துக்குச் சுமார் 20 மணி நேரமாக இருந்த பயிற்சியை 32 ஆக்கினார். அப்போது அவருக்கு 15 வயது. நம் தீபா கர்மாகர் அகர்தலாவில் ஆறு வயதில் தொடங்கி, ரியோவில் வால்ட் இறுதிச் சுற்றில் நான்காவதாக வந்தது 23 வயதில். இன்று எட்டு வயதாக இருக்கும் பிள்ளைக்குச் சீனியர் மேடை ஏறவே எட்டு ஆண்டுகள் இருக்கின்றன.

இந்த அளவில் தனியாகக் கவனிக்க வேண்டியவை முதுகும் உணவும். பின்னால் வளையும்போது இடுப்புக்கு மேல் ஒரு பக்கம் குத்தும் வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் முதுகெலும்பில் விரிசலா என்று பார்க்க வேண்டும். செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடாத பிள்ளைக்கு வளர்ச்சி தடைப்படும், எலும்பு மெலியும், பூப்பெய்துவதும் தள்ளிப்போகும். 15 வயதாகியும் மாதவிடாய் தொடங்கவில்லை என்றால் "ஜிம்னாஸ்டுங்களுக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். சைவக் குடும்பங்கள் இரும்புச்சத்தையும் வைட்டமின் டி-யையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வது நல்லது. பள்ளி விட்டுக் காரில் ஏறியதும் தயிர்சாதமோ, இட்லியோடு சுண்டலோ கையில் இருக்க வேண்டும். பிள்ளையின் எடையைப் பற்றி எந்தக் கோச் பேசினாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

## கணக்கில் வராத மணி நேரங்கள்

நம் வீடுகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் தனியாக வருவதில்லை. பரதநாட்டிய வகுப்பு வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அரங்கேற்றம் நெருங்கினால் அதைப்போலப் பல மடங்கு. எலும்புக்கு இரண்டும் ஒரே கணக்குதான். பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்குக் குதிகால் வளர்ச்சித் தட்டில் வலி வருவது சகஜம். ஸ்பிரிங் ஃப்ளோரில் குதித்துவிட்டு வந்த அதே குதிகாலோடு, மறுநாள் கெட்டித் தரையில் குதித்து மெட்டடவு போட்டால் வலி தணியாது. ஜிம்னாஸ்டிக்ஸ் 12, நாட்டியம் 3, பள்ளி விளையாட்டு 2 என்றால் அந்தப் பிள்ளை 17 மணி நேரப் பிள்ளை. அரங்கேற்ற ஆண்டில் ஜிம்மில் ஒரு நாளைக் குறைக்க முடியுமா என்று முன்பே பேசுங்கள். நாட்டிய ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள். வலியுள்ள வாரங்களில் கை அசைவும் அபிநயமும் வைத்து வகுப்பை நடத்த அவர்களுக்குத் தெரியும்.

உயரம் வேகமாகக் கூடும் ஆண்டிலும் இதே அணுகுமுறை. கதவு நிலையில் மாதம் ஒருமுறை பென்சிலால் குறித்து வாருங்கள். கோடுகளுக்கு நடுவே இடைவெளி திடீரென்று கூடினால் அந்தக் குறிப்பைக் கோச்சிடம் காட்டுங்கள். நேற்றுவரை வந்த வித்தை அப்போது வராமல் போகும். கை கால் நீளம் மாறியதற்கு மூளை பழக வேண்டும். நேரத்தைக் கூட்ட வேண்டிய காலம் அது இல்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளும், ஆண்டுக்கு மூன்று மாதங்களை ஒவ்வொரு மாதமாகப் பிரித்தும் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. ஆண்டு முழுக்க நடக்கும் ஜிம்னாஸ்டிக்ஸில் மூன்று மாதம் கிடைப்பது அரிது. சீசன் முடிந்ததும் இரண்டு வாரமாவது கேளுங்கள். ஊருக்குப் போய்வரும் நான்கு வாரத்தைக் குறையாக நினைக்க வேண்டாம். திரும்பி வந்ததும் முதல் நாளே பழைய ரொட்டீனைக் கேட்காத கிளப்பாக இருந்தால் போதும்.

## கையெழுத்துப் போடுவதற்கு முன்

கோச்சிடம் கேட்க வேண்டியவை சில. கூடுதல் நான்கு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்? ஒரு கோச்சுக்கு எத்தனைப் பிள்ளைகள்? மூன்று நாளில் தொடங்கி டிசம்பரில் மறுபடி பார்க்கலாமா? காயத்தால் வர முடியாத மாதத்துக்குக் கட்டணம் உண்டா? முழுப் பயிற்சியையும் நான் உட்கார்ந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்குத் தயக்கமோ மறுப்போ வந்தால், அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் டீம் மருத்துவராக இருந்து ஏராளமான பெண் பிள்ளைகளைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிய லாரி நாசரின் வழக்குக்குப் பிறகு எந்தப் பெற்றோரும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த ஒன்பது வயதுப் பெண்ணின் பெற்றோருக்கு நான் சொன்னது: முதலில் 12 மணி நேரம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் எக்செல் கோல்டு. அதுவும் ஒத்துவரவில்லையென்றால் பக்கத்து ஊர்க் கிளப்பில் ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அனுமதிப்பார்கள். தொடக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாமல், இரவு ஏழரை மணிக்கு மேல் நடக்கும் கடைசி ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். பிள்ளைகள் களைத்திருக்கும் அந்த நேரத்தில் கோச் வித்தையை எளிதாக்குகிறாரா, இன்னும் பத்து முறை போடச் சொல்கிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.